பழி கழியாத துரை

கதை தொகுக்கும் தொழிலில் ஒரு விதி உண்டு: சொல்லுகிறவர் கிடைக்கும் நாளில் ஒலிப்பதிவுக் கருவியின் பாட்டரி தீர்ந்திருக்கும்; பாட்டரி புதிதாக இருக்கும் நாளில் சொல்லுகிறவரின் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டிருக்கும். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே வயதாகிப்போன என் இனத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீழே வருவது ஒரு வெள்ளைக்கார நடிகரின் மேடை வாழ்க்கையும் தொலைக்காட்சி வாழ்க்கையும். அவர் பெயர் செங்கோடன், ஊர் சேந்தமங்கலம். ஆத்தூருக்குக் கிழக்கே அவர் போனது ஒரே ஒரு முறை. அந்தப் பயணமே வினையாயிற்று. முற்பகுதியை எனக்குச் சொன்னவர் அவர் குழுவின் ஆர்மோனியக்காரர் பழனியப்பன். எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், எடப்பாடியில் அவர் வீட்டில், பக்கத்து வீட்டு விசைத்தறி நிற்கும் இடைவெளிகளில் கேட்டது. இடைப்பகுதியை நானே பார்த்தேன். முடிவை மறுபடியும் பழனியப்பனிடமே கேட்டேன். வேறு சிலர் வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். அதை உரிய இடத்தில் குறிப்பேன்.

கண்ணும் வாயும்

தூக்குமரத்தான் என்பது கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் தெய்வம். வரி கொடுக்க மறுத்த குடியானவன் ஒருவனை வெள்ளைக்காரத் துரை புளியமரத்தில் தூக்கிலிட்டான் என்பதும், மாண்டவன் தெய்வமானான் என்பதும் கதை. ஆண்டுதோறும் மாசியில் கோயில் முன்னே அது நாடகமாக நடக்கும். அத்தெய்வத்துக்குக் கல் நட்ட சுற்று வட்டார ஊர்களிலும் நடக்கும். துரைக்குப் பெயர் கிடையாது. நான் கேட்ட எந்தப் பாடத்திலும் இல்லை.

செங்கோடன் குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் மில்லில் வேலை பார்த்தவர். நாடகக் குழுவில் சேர்ந்தபோது தூக்குமரத்தானாக நடிக்கத்தான் ஆசைப்பட்டாராம். நாடக வாத்தியார் அவரை வெயிலில் நிறுத்திப் பார்த்தார். பூனைக்கண்; செம்பட்டை முடி; வெயில் பட்டால் சிவக்கும் தோல். அன்றே துரையின் தொப்பியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். இது பழனியப்பன் பாடம். பழைய துரைக்குப் பொன்னுக்குவீங்கி வந்து வாய் திறக்க முடியாமற்போனதே காரணம் என்பது மில்லுக்காரர்கள் பாடம்.

இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சிறிது காலம் இருந்திருக்கிறார். அங்கே காதில் விழுந்ததெல்லாம் அவருக்கு இங்கிலீஷ். தூக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பூட்ஸ் காலை ஓங்கி வைத்து, "சேஸிஸ். கியர் பாக்ஸ். ஸ்டெப்னி. நேஷனல் பர்மிட்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். நேஷனல் பர்மிட் என்றதும் கயிறு இறங்கும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். முன்வரிசை லாரிக்காரர்கள்கூட ஒருநாளும் சிரித்ததில்லை என்று பழனியப்பன் சத்தியம் செய்தார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும், நல்ல இங்கிலீஷ் எழுதித் தருகிறேன் என்று வந்தாராம். நாடக வாத்தியார் அவருக்குச் சொன்ன பதில்: "நெசமான இங்கிலீசப் பேசுனா நம்ம சனத்துக்கு எங்கீங்க புரியும்? இது புரியாட்டியும் பயமா இருக்குதல்லங்க."

தண்ணீர்ப் புட்டி

நான் அந்நாடகத்தை முதன்முதல் பார்த்த ஆண்டு, தூக்குக் காட்சி முடியும்போது மலை விளிம்பில் வெளிச்சம் வந்துவிட்டது. தூக்குமரத்தானாக நடித்தவரை இறக்கிக் கிடத்தினார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். துரை மட்டும் தொப்பியும் பூட்ஸுமாகத் தனியே நின்றார். உதடு வெடித்திருந்தது. நான் அவரிடம் போய் என் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்தேன். பழனியப்பன் ஆர்மோனியத்தை விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கம் இதுதான். தூக்கிலிட்ட துரைக்குப் பழி கழியும்வரை அவ்வூரில் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்கலாகாது. அவர் தொப்பியைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலுடன் கோயில் வாசலுக்கு வர வேண்டும். தூக்குமரத்தானின் பங்காளி வீடுகளில் பிறந்த பெண் ஒருத்தி அங்கே நிற்பாள். கதையில் அவன் உடலைக் கயிற்றிலிருந்து இறக்கியவள் அவன் தங்கை. அப்பெண்ணிடம், "என் பழி தீந்துச்சுங்களா" என்று துரை கேட்க வேண்டும். அவள் அவர் நெற்றியில் விபூதி பூசி, "உன்மேல பழியில்ல, போயிட்டு வா சாமி" என்பாள். அதன்பிறகே சோறு, தண்ணீர், அடுத்த ஊர் எல்லாம். ஒருத்தியின் முன் நேர்ந்த பழியை அவளேதான் தீர்க்க வேண்டும். வேறொருத்தி பூசினால் செல்லாது.

அக்காலத்தில் அவ்வுரிமை பாவாயி என்பவரிடம் இருந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும். கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்ததுபோல் சேலையை இழுத்துச் செருகியிருந்தார். என் கையிலிருந்த புட்டியைப் பார்த்துச் சொன்னார்: "குடுங்க வாத்தியாரே, குடுங்க. பழியில பாதி உங்களுக்கு வந்துரும். அதுக்கு உங்க காலேசுல என்ன பூசறாங்கன்னு அப்பறம் வந்து சொல்லுங்க."

பதிவாகாத வரி

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், செங்கோடன் தம் வீட்டில் உட்கார்ந்து எனக்கு முழு நாடகத்தையும் சொன்னார். மனைவி ராசம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் சரோஜா, பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்தவள், அப்பா பெண்குரலில் அழும் இடங்களில் சிரித்தாள். தூக்குத் தீர்ப்பு வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். தீர்ப்பைச் சொன்னால் பழி தீர்ந்ததா என்று கேட்டாக வேண்டும்; கேட்பதற்குப் பாவாயி இங்கே இல்லை; ஆகவே தீர்ப்பையும் சொல்ல முடியாது என்றார்.

நான் வாதாடினேன். இது நாடகமன்று, ஆராய்ச்சிதானே என்றேன். எத்தனையோ பேரிடம் செல்லுபடியான வாதம் அது. ராசம்மா புளியிலிருந்து கண்ணெடுக்காமல் குறுக்கிட்டார். முன்னே துரையாக இருந்த ஒருவர் பழி கேட்காமல் பஸ் பிடித்துப் போனாராம். அவ்வாண்டே அவர் வீட்டில் பிறந்த பேரக்குழந்தை தங்கவில்லையாம். பழி துரையை ஒன்றும் செய்வதில்லை. அவன் வீட்டில் அடுத்துப் பிறப்பதையே பிடிக்கும் என்பது அப்பக்கத்து நம்பிக்கை. இதை ராசம்மா சொன்னபோது சரோஜா சிரிக்கவில்லை.

தீர்ப்பு வர வேண்டிய இடத்தில் என் நாடாவில் இன்றும் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னர் செங்கோடன் சொன்னது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது: "கேட்டா பதில் சொல்ல ஆளிருக்கற எடத்துலதானுங்க கேக்கோணும். உங்க மிசினு விபூதி பூசுமுங்களா?"

களத்து வாசம்

ஓர் ஆண்டு, நாடகம் முடியும் தறுவாயில் பாவாயியின் பெரியப்பா இறந்துபோனார். தீட்டுக் கழியும்வரை அவர் விபூதியைத் தொடலாகாது. ஆகவே செங்கோடனின் பழி அத்தனை நாளும் நின்றது. அவர் ஊர் திரும்பினார். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. மில்லில் ஜவ்வரிசி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு, அங்கே தங்கிக்கொண்டார். ராசம்மா தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து கேட்டருகே வைத்துவிட்டுப் போவார்.

நான் பார்க்கப் போனபோது, களமெங்கும் பரப்பியிருந்த வெள்ளை மாவின் நடுவே நின்று துழாவிக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. தொரைக்கு மதியச் சாப்பாடு கப்பல்ல வருதா என்றார் ஒருவர். மகாராணிக்கு ஒரு தந்தி அடிச்சா அவங்களே பூசிட மாட்டாங்களா என்றார் இன்னொருவர். செங்கோடன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சரோஜா கேட்டின் அந்தப்பக்கம் வந்து நின்று கூப்பிட்டபோது, துழாவுகட்டையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். பாவாயி தீட்டுக் கழிந்து விபூதி பூசும்வரை அப்படியேதான். என்னை வழியனுப்ப வந்த காவல்காரர் கேட்டைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "வெள்ளக்காரன் நாட்ட உட்டுப் போயி எத்தன வருசமாச்சுங்க. எங்க மில்லுல மட்டும் ஒருத்தன் இன்னும் போவ மாட்டீங்கறான்."

சென்னைப் பயணம்

எண்பதுகளின் பிற்பகுதியில் சேலம் பக்கத்து வீடுகளின் மேல் ஆன்டெனாக்கள் முளைத்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தார் கிராமத்து நாடகம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். முன்னுரை பேச என்னையும் அழைத்தார்கள். குழு முழுவதும் ஒரு வேனில் புறப்பட்டோம். சரோஜாவுக்கு அந்தத் தை மாதம்தான் எடப்பாடியில் கல்யாணம் ஆகியிருந்தது. பாவாயியை அழைத்துப்போக முடியவில்லை, நடவு நேரம்.

பழிக்கு என்ன செய்வது என்பதைச் செங்கோடன் வழியிலேயே தீர்மானித்துவிட்டார். சென்னையில் செய்யப்போவது ஒத்திகை மாதிரி. பார்ப்பதற்குச் சனம் இல்லை. சனங்கள் பார்க்கிற அன்றுதான் உண்மையான தூக்கு. அன்று பாவாயியின் ஊரில் இருந்து கேட்டுக்கொண்டால் முடிந்தது. பழனியப்பன் ஆமோதித்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். தர்க்கத்தில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

நிலையத்தில் எங்களுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம். தயாரிப்பாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். நேரம் போதாது, தூக்கோடு முடித்துவிடலாம் என்றார். சேஸிஸையும் கியர் பாக்ஸையும் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்கள் பார்ப்பார்களே என்று அவற்றையும் நீக்கச் சொன்னார். ஆகவே துரைக்குப் பேச்சே இல்லாமற்போயிற்று. தீர்ப்புக்கு அவர் கேமராவைப் பார்த்தால் போதும் என்று முடிவாயிற்று.

ஊர் மேடைகளில் சனங்கள் எட்ட இருந்து பார்த்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது தொப்பியும் பூட்ஸும்தான். இங்கே கேமரா அவர் முகத்தருகே வந்து நின்றது. அந்தப் பூனைக்கண் இரண்டும் திரை நிறைய விரிந்தபோது, அத்தனை ஆண்டு அவரோடு ஒரே பாயில் படுத்தெழுந்த பழனியப்பன் வாசிப்பதை நிறுத்திவிட்டார். காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மாவுப் பஞ்சோடு அருகில் வந்த ஒப்பனைக்காரர் வந்த வழியே திரும்பினார். "இவருக்கு மேக்கப் எதுக்கு சார். சும்மா பாத்தாலே தூக்குல போட்ட மாதிரிதானே இருக்கு."

பெட்டிக்குள் இருப்பவன்

ஒளிபரப்பான நாளன்று சாயங்காலம், பாவாயியின் ஊரில் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி இருந்த அறையின் முன்னே ஊரே உட்கார்ந்திருந்தது. சரோஜா முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி அந்த வாரம்தான் எடப்பாடியிலிருந்து வந்திருந்தது. செங்கோடன் துணிப்பையிலிருந்து தொப்பியையும் பூட்ஸையும் எடுத்து மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிறகு முறைப்படி கழற்ற வேண்டுமே. நானும் பழனியப்பனும் அவருக்கு இரு பக்கமும் இருந்தோம்.

திரையில் கண்கள் வந்தன. கயிறு இறங்கியது. முன்னே இருந்த பெண்கள் வழக்கப்படி ஒப்பாரி எடுத்தார்கள். அவர்கள் முதலடியை முடிப்பதற்குள் அறிவிப்பாளர் பெண் சிரித்த முகத்துடன் தோன்றி, அடுத்து வருவது கோழிகளைத் தாக்கும் வெள்ளைக் கழிச்சல் நோய் பற்றிய நிகழ்ச்சி என்றார். ஊரில் பாதிப் பேர் கோழிப்பண்ணைக்காரர்கள். ஒப்பாரி நின்றது. தடுப்பூசியை எந்த வயதில் போட வேண்டும் என்பதைச் சனங்கள் கவனமாகக் கேட்டார்கள். ஊசி போட்டு முடியும்வரை செங்கோடன் தொப்பியோடு காத்திருந்தார்.

பிறகு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார், பூட்ஸைக் கழற்றினார், கோயில் வாசலுக்கு வெறுங்காலுடன் போய்ப் பாவாயியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். பாவாயியின் கையில் விபூதித் தட்டு இருந்தது. அவர் செங்கோடனைப் பார்த்தார். திரும்பித் தொலைக்காட்சி அறையைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார். தட்டைத் திண்டில் வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை.

"நீ இங்கதான எங்ககூட உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தே சாமி. தூக்குல போட்டவன் அந்தப் பொட்டிக்குள்ளாற இருக்கறான். இந்நேரம் எத்தன ஊர்ல போட்டுக்கிட்டு இருக்கறானோ. எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு வரட்டும், பூசறேன்."

டிரங்க் கால்

நிகழ்ச்சி நன்றாக அமைந்ததென்று நிலையத்தார் அதை மறுபடி ஒளிபரப்பினார்கள். சில வாரம் கழித்துப் பின்னும் ஒருமுறை. செங்கோடன் களத்துக் கொட்டகைக்குக் குடிபோனார். ஊர்களிலிருந்து அழைப்பு வருவது நின்றது. யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. பழி நிற்கிற துரையைத் திருவிழாவுக்குள் விடுவது எப்படி? தொப்பி அம்மாபேட்டையிலிருந்து வந்த வேறொருவர் தலைக்குப் போயிற்று. அவர் முகத்தில் முத்துவெள்ளையைக் கனமாக அப்பிக்கொண்டால்தான் துரையானார். அதே சமயம், செங்கோடன் டீக்கடைப் பக்கம் போனால் டீவித் தொரை என்று எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். புகழ் என்று இதைத்தான் சொல்லுகிறார்கள் போலும்.

ஒருநாள் அவர் சேலத்தில் என் கல்லூரிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வராந்தாவிலேயே நின்றார். அந்தப் படத்தை இனிப் போட வேண்டாம் என்று சொல்ல முடியுமா, இல்லையென்றால் கடைசியாக எப்போது போடுவார்கள் என்றாவது கேட்க முடியுமா என்றார். தபால் நிலையத்துக்குப் போய்ச் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்தோம். வெகுநேரம் பெஞ்சில் காத்திருந்தோம். செங்கோடன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்புக் கிடைத்ததும், பழி என்பதைத் தயாரிப்பாளருக்கு விளக்க முயன்றேன். இரைச்சலில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அவர் பதில் மட்டும் எனக்குச் சுத்தமாகக் கேட்டது. "கடைசின்னு எப்படி சார் சொல்றது? டேப் அருமையா இருக்கு. நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் போட்டுக்கிட்டிருப்பாங்க. அவருக்குச் சந்தோஷமான சேதிதானே, சொல்லிடுங்க."

சம்பந்தியம்மா

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். ராசம்மா உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். ஆனால் எடப்பாடியிலிருந்து சரோஜாவை அனுப்பவில்லை. படித்தவர் ஒருவர் வந்து சொன்னால் கேட்பார்கள் என்று ராசம்மா என்னை அழைத்துப்போனார். செங்கோடனும் வந்தார், தெருமுனையில் நின்றுகொண்டார்.

சம்பந்தியம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்தார். நான் என்னிடம் இருந்த ஆயுதங்களை எல்லாம் எடுத்து வைத்தேன்: சடங்கு வேறு, நிகழ்ச்சி வேறு, நிழலுக்குப் பழி ஏது, பழைய துரையின் பேரக்குழந்தை பற்றிய கதையில் அவ்வாண்டு ஊரில் பரவிய அம்மை நோயையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருமுனையைப் பார்த்து, "அப்பா, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றாள். செங்கோடன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போது அவரே என்னிடம், அந்தம்மா செய்வதுதான் நியாயம் என்றார். என் வாதம் எல்லாம் அத்துடன் அவரிடமும் தோற்றது. சம்பந்தியம்மா வாசல்வரை வந்து சொன்ன சொல் இது: "எங்க சம்பந்தி டீவியில வாராருன்னு தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவளே நாந்தானுங்க. அதுக்காவ எம் மருமவள அவரூட்டுல போயிப் பெத்துட்டு வான்னு அனுப்ப முடியுமுங்களா?"

விபூதி

இனி வருவது பழனியப்பன் சொன்னது, நான் உடனில்லை.

சரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நலமாக இருந்ததனாலேயே செங்கோடன் அதன் கண்ணில் படாமல் இருந்தார். சில வாரம் கழித்துப் பாவாயி மஞ்சள் காமாலையில் படுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் தம்பி மில்லுக்கு வந்து, அக்கா கூப்பிடுகிறாள், உடனே வா என்றார். அவர் போய்விட்டால் பழி தீர்க்க வேறு ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

செங்கோடனும் பழனியப்பனும் போனார்கள். பாவாயி கட்டிலில் கிடந்தார். செங்கோடன் கேட்டார். பாவாயி அவருக்குப் பதில் சொல்லாமல், தம்பி பக்கம் திரும்பி, "டீவியில முடிஞ்சுதா?" என்றார். தம்பி, "முடிஞ்சுதக்கா, இனிமேப் போட மாட்டாங்களாமா" என்றார். அவருக்கு அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. பாவாயி விபூதியை எடுத்துப் பூசினார். அது புருவத்திலும் இமையிலும்கூட விழுந்தது. உன்மேல் பழியில்லை என்ற வரியை முழுக்கச் சொன்னார்.

எடப்பாடிக்குப் போய்ப் பேத்தியைப் பார்ப்பது என்று இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் கூட்டம் நின்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. பழனியப்பன் காதில் விழுந்தது அவருடைய ஆர்மோனியம்தான். இந்தப் பக்கமாகப் போகலாம் என்று செங்கோடனின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கண்கள் வருகிறவரை பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து, நெற்றியை, புருவத்தை, இமையை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எடப்பாடி பஸ் வந்தது, போயிற்று. பழனியப்பன் அவரை ஏசினார். உனக்குப் பூசினது பூசினதுதான், அவ வாயால சொல்லியாச்சு என்றார். செங்கோடன் துண்டைக் கவனமாக மடித்துக்கொண்டே சொன்னாராம்: "தெரியாமப் பூசிட்டுதுங்க பாவம். சாவப்போற பொம்பள தலையில எம் பழிய எறக்கி வெச்சுப்போட்டு, நான் போயி எம் பேத்தியக் கொஞ்சறதுங்களா?"

பிற பாடங்கள்

பாவாயி அந்த வாரமே இறந்தார். செங்கோடன் களத்துக் கொட்டகையிலேயே இருந்து, பேத்தியைப் பாராமலே, பின்னொரு கோடையில் காய்ச்சலில் போனார் என்பது பழனியப்பன் பாடம். அவர் அருகிருந்து பார்த்தவர். ஆதலால் அதை மூலமாகக் கொண்டேன். மில்லுக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. அக்கடையில் ஓடியது கோழி நோய் நிகழ்ச்சியே என்றும், செங்கோடன் நெற்றியில் விபூதியோடு பஸ் ஏறிப்போய் அன்றே பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார் என்றும் சொல்லுகிறார்கள். பாவாயியின் தம்பி, அக்காவின் கை பாதியிலேயே விழுந்துவிட்டது, விபூதி நெற்றியைத் தொடவே இல்லை என்கிறார்; பொய் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ராசம்மா மட்டும், ஒரு நடுப்பகலில் தெரு அடங்கியிருந்தபோது செங்கோடன் எடப்பாடிக்கு வந்து, தொட்டிலில் குழந்தை தூங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அது புரண்டு படுத்ததும் போய்விட்டார் என்கிறார். சரோஜாவிடம் கேட்டேன். "அம்மா சொன்னா அப்படியே எழுதிக்குங்க சார்" என்றாள்.

வாய்மொழியில் செங்கோடனுக்கு நான்கு முடிவுகள் கிடைத்திருக்கின்றன. தொலைக்காட்சியில் ஒன்றுகூட இல்லை.